கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்

சூர்யகலா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மாட்டாமலே இருந்திருக்கலாம். தேனியிலிருந்து வரவேண்டிய ரெஃப்ரி காய்ச்சலில் படுத்துவிட்டார். கால்பந்து இறுதி ஆட்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்தால் யார் குடியும் முழுகியிருக்காது. ஆனால் கப்பை மேசை மேல் வைத்தாயிற்று. மைக் செட்டுக்காரன் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். சிலமலை அணி இரண்டு ஜீப்பு நிறைய ஆளோடு போடிமெட்டு ஏறி வந்து இறங்கிவிட்டது. இனி யாரைத் தேட?

"இருக்கவே இருக்கா நம்ம ராமுத்தாய் மக! பரீட்சை எழுதி பாஸ் பண்ணுன ரெப்ரி. வெளிய எதுக்குய்யா தேடுறீங்க?" என்று கங்காணி சுடலைதான் முதலில் எடுத்துக் கொடுத்தான். எஸ்டேட்டில் பெண்களை வேலை வாங்குகிறவன் அவன். ஒரு நாளாவது அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பானா என்றால், கிடையாது. கழுதை, எருமை, வெளங்காதவளே, இவ்வளவுதான் அவன் வாயில் இருக்கும் பெயர்கள். அவனுக்கு அன்றைக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியதற்குக் காரணம் வேறு. உள்ளூர் மெட்டு அணியின் முன்வரிசை ஆட்டக்காரன் மாரீஸ்வரன், சூர்யகலாவின் உடன்பிறந்த தம்பி.

சிலமலை கேப்டன் பிரபாகரன் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தான். சூர்யகலா போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்பது அவனுக்குத் தெரியும். பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் அவள் ஊதியதைப் பார்த்தும் இருக்கிறான்.

"டீச்சரே ஊதட்டும்," என்றான். "ஆனா டீச்சர், தம்பிங்கிறதைக் கோட்டுக்கு வெளிய வச்சுட்டு வரணும். சரிதானே?"

"வச்சுட்டுத்தான் வர்றேன்," என்றாள்.

வாய் சொல்லிவிட்டது. ஆண்கள் ஆட்டத்துக்கு என்னையும் போடுங்கள் என்று கால்பந்துச் சங்கத்தில் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். 'பாப்போம் பாப்போம்' என்பார்கள். பார்த்ததே இல்லை. இன்றைக்குத் தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது. தம்பி பக்கம் ஒரு தடவை சாய்ந்தாலும் போச்சு, அதற்குப் பிறகு ஒருத்தனும் அவள் கையில் விசிலைத் தரமாட்டான். சாயாவிட்டாலோ, ராத்திரி தம்பியும் அம்மாவும் இருக்கிற அதே ஒற்றை அறை எஸ்டேட் லயத்து வீட்டுக்குத்தான் போய்ப் படுக்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டே விசில் கயிற்றை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். விரல் நுனி நீலம் பாய்ந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே முதல் வம்பு வந்தது. சிலமலைக்காரன் ஒருவன், பனைமரம் மாதிரி உயரம், பக்கக் கோட்டிலிருந்து கையால் பந்தை எறிந்தான். எறிந்தானா பறக்க விட்டானா தெரியவில்லை. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய், எவன் மேலும் படாமல், நேராகக் கோலுக்குள் விழுந்தது. சிலமலை ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். சூர்யகலா விசிலை ஊதிக் கையை மறுபக்கம் நீட்டினாள். "கோல் இல்ல. கையால எறிஞ்ச பந்து யார் மேலயும் படாம உள்ள போனா கோல் கிடையாது. கோல் கிக்."

பிரபாகரன் ஒரு விநாடி முறைத்தான். பிறகு, "ஆமாம்ல, விதி அதான்," என்று தன் ஆட்களை இழுத்துக்கொண்டு போனான்.

மெட்டுப் பக்கம் ஒரே கூச்சல். "நம்ம புள்ளடா!" என்று சுடலை தோள் துண்டை ஆகாசத்தில் வீசிப் பிடித்தான். சூர்யகலாவுக்கு எரிச்சலாக வந்தது. நம்ம புள்ளையாம். நாளைக்கு அதே விதி உங்கள் பக்கம் திரும்பும்போது இந்தத் துண்டு எங்கே பறக்கும் என்று பார்க்கலாம்.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு கோல். அம்மா ராமுத்தாய் பால் விடாத கட்டஞ்சாயா டம்ளரோடு விந்தி விந்தி வந்தாள். "ஒரு வாய் குடி ஆத்தா, மொகமெல்லாம் வாடிப்போச்சு," என்றாள். சிலமலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆட்டம் முடியட்டும்மா," என்று சூர்யகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலேயே மாரீஸ்வரன் வந்தான். "அக்கா, அந்தப் பய என் சட்டையப் புடிச்சு இழுக்குறான். பாத்துக்க."

"சொல்றதை உங்க கேப்டனை வந்து சொல்லச் சொல்லு."

"ஏன், நா சொன்னா காது கேக்காதா?" அவன் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போனான். நான்கு வருடமாக இறுதி ஆட்டத்தில் சிலமலையிடம் தோற்றுத் தோற்று அவனுக்கு வெறியே பிடித்திருந்தது. அந்த வெறி அவளுக்கும் தெரியும். ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள்.

அந்த மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மலையை வெட்டி மட்டம் பண்ணிய இடம் அது. கிழக்குக் கோலுக்குப் பின்னால் பத்தடி தாண்டினால் சரிவு, ஏலக்காடு, அதற்குக் கீழே ஓடை. கோல் கம்புகளுக்கு வலை கிடையாது. பந்து அந்தப் பக்கம் போனால் உருண்டு உருண்டு ஓடைக்கே போய்விடும். தேடி எடுப்பதற்குள் பொழுது சாயும். அதனால் வருடா வருடம் அந்தக் கோலுக்குப் பின்னால் எஸ்டேட் பெண்கள் வரிசையாக நிற்பார்கள், வருகிற பந்தை நிறுத்துவதற்கு. நிறுத்துவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஏலக்காட்டுச் சரிவில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி என்று வேலை செய்கிறவர்கள். மேலே ஒரு கல் பெயர்ந்தால் கீழே இருப்பவள் மண்டை போகும். எது உருண்டாலும் "கல்லு!" என்று கத்திக்கொண்டே காலைக் கொடுத்துவிட வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது, கால்தான் யோசிக்கும்.

ராமுத்தாயின் வலது கணுக்கால் அப்படிப் போனதுதான். மாரீஸ்வரன் கைப்பிள்ளையாக இருந்தபோது, மரத்தடியில் தூளி கட்டிப் போட்டிருந்த இடத்துக்கு நேராக ஒரு கல் உருண்டு வந்தது. குறுக்கே காலைப் போட்டாள். கல் நின்றது, கால் நொறுங்கியது. வைத்தியம் பார்த்தும் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியேதான் நின்றது. ஊருக்கே தெரிந்த கதை இது. அன்றைக்கும் அவள் அட்டைக்கடிக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் பூட்ஸோடு கிழக்குக் கோலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கேரளப் பக்கமிருந்து பனிமூட்டமாக மஞ்சு இறங்க ஆரம்பித்திருந்தது. சூர்யகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மஞ்சு மூடுவதற்குள் முடிய வேண்டும், ஒரு வம்பும் இல்லாமல் முடிய வேண்டும், முடிந்தால் போதும். அப்போதுதான் மாரீஸ்வரன் நடுவிலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். சட்டையை இழுத்தவனை உதறினான், இன்னொருத்தனைச் சுற்றினான், முன்னேறி வந்த கோல்கீப்பரையும் தாண்டினான். சூர்யகலா அவனுக்குப் பக்கவாட்டிலேயே ஓடினாள். அவன் பந்தைத் தட்டிவிட்டான். வேகம் இல்லை, ஆனால் குறி தப்பவில்லை. ஆளில்லாத கிழக்குக் கோலை நோக்கிப் பந்து நிதானமாக உருண்டது. மெட்டு ஜனம் மொத்தமும் கோல் என்று கத்தியே விட்டது.

"கல்லு!"

ராமுத்தாயின் குரல். கம்புகளுக்கு நடுவே ஒரு கறுப்பு பூட்ஸ் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. பந்து அதன் மூக்கில் முட்டி நின்றது. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால்.

சூர்யகலா பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. கூடவே விசிலும் வாய்க்கு வந்துவிட்டது.

கொடி பிடித்த இரண்டு பேரில் ஒருத்தன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்திருந்தான், இன்னொருத்தன் அந்தக் கோடியில். கேட்க ஆளில்லை. அவள்தான் சொல்லியாக வேண்டும். ஓடிப்போய்க் கோட்டைப் பார்த்தாள். வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் பூட்ஸ் தடம் பட்டையாகப் பதிந்திருந்தது.

"கோல் இல்ல," என்றாள். கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னாள். "கோல் இல்ல! பந்து கோட்டைத் தாண்டல. வெளியாள் தொட்டு நின்னுருக்கு. சிலமலை கோல்கீப்பர் கையில பந்தைப் போடுவேன். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

அவ்வளவுதான். மைதானத்துக்குள் பாதி ஊர் இறங்கிவிட்டது.

"ஏய், கண்ணு அவிஞ்சு போச்சா? யாரும் தடுக்கலைன்னா அது கோலு தானே!" என்றான் மெட்டு கேப்டன்.

"தடுக்கலைன்னா கோலுதான். தடுத்துட்டாங்க. வெளியாள் தொட்டும் பந்து உள்ள போயிருந்தா குடுத்துருவேன். போகலை. போகாத பந்துக்கு எப்படிக் குடுக்குறது?"

"சோறு போட்ட ஊருக்கே துரோகம் பண்ணுறாளே, வெளங்காத கழுதை!" இது சுடலை. துண்டு இப்போது கையில் முறுக்கிய சாட்டையாக இருந்தது. "பொட்டச்சி கையில விசிலைக் குடுத்தா இந்தக் கதிதான்!" குடுக்கச் சொன்னதே இவன்தான் என்பதை யார் கேட்பது? வேடிக்கை பார்க்கிறவனுக்கு அட்டை காட்ட விதியில் இடம் கிடையாது. சூர்யகலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மாரீஸ்வரன் அம்மாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான். "நீயே சொல்லு. பந்து உள்ள போன பெறகுதானே காலை வச்ச? சொல்லு!"

ராமுத்தாய் மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. "ஆமாத்தா," என்றாள் மெதுவாக. "உள்ள போயிருச்சு. அதுக்குப் பெறகுதான் நா..."

"அம்மா," என்றாள் சூர்யகலா. "உன் பூட்ஸ் தடம் கோட்டு மேல இருக்கும்மா. பந்து அதுக்கு முன்னால நின்னுச்சு. நா பாத்தேன். நீயும் பாத்த."

ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரியாக்கிவிட்டோம் என்று சூர்யகலாவுக்கு உடம்பே கூசியது. அழுகை வந்தது. ரெஃப்ரி அழுதால் அத்தோடு முடிந்தது, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மாரீஸ்வரன் அம்மாவின் கையை உதறித் தள்ளினான். "வெளங்காத கழுதை! உன்னை எவன் உள்ள வரச் சொன்னது? இந்த நொண்டிக் காலை அன்னைக்கே வெட்டி எறிஞ்சிருக்கணும்!"

மைக் செட்டுக்காரன்கூட வாயை மூடிவிட்டான். அந்தக் கால் எதற்காக நொண்டியானது என்று தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. சொன்னவனுக்கும் சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் வெளிறிவிட்டது.

சூர்யகலாவின் கை சட்டைப்பைக்குப் போனது. அது கோபத்தில் போனதா விதிப்படி போனதா என்று பிற்பாடு அவள் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறாள். இரண்டும்தான். மைதானத்தில் யாரைக் கேவலமாக ஏசினாலும், ஆட்டக்காரனையோ ரெஃப்ரியையோ வேடிக்கை பார்க்க வந்தவரையோ, ஏசினவன் வெளியே போக வேண்டும். சிவப்பு அட்டையைத் தம்பியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"எதுக்கு?" என்றான் அவன், நம்பமுடியாமல்.

"வேடிக்கை பாக்க வந்தவங்களை ஏசுனதுக்கு."

"அது எங்கம்மா!"

"தெரியும். எனக்கும் அம்மாதான். வெளிய போ."

இதற்கு யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை. பிரபாகரனே வந்து காதோரம், "டீச்சர், கோல் இல்லைன்னீங்க, நியாயம். ஆனா இது வீட்டுச் சமாச்சாரம். பெத்தவளைப் புள்ள வையுறதுதான், விட்டுருங்க," என்றான். ராமுத்தாய் விந்திக்கொண்டே ஓடிவந்து மகளின் கையைப் பிடித்தாள். "அவன் என்னையத்தானே சொன்னான்? எனக்கு என்ன ரோசம் வந்து கெடக்கு? புள்ளைய வெளிய அனுப்பாத ஆத்தா. எனக்காக."

"வீட்டுல வச்சுப் பேசிருந்தா வீட்டுச் சமாச்சாரம். இங்க வச்சுப் பேசுனான்," என்றாள் சூர்யகலா. "நீ கோட்டுக்கு வெளிய போம்மா. ஆட்டத்தை ஆரம்பிக்கணும்."

மாரீஸ்வரன் சட்டையைக் கழற்றித் தரையில் அடித்தான். யாரையும் பார்க்காமல் ஜீப்பு ரோட்டில் இறங்கி மஞ்சுக்குள் போய்விட்டான்.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. ஓர் ஆள் குறைந்த மெட்டு அணி கடைசி நிமிடத்தில் ஒரு கோலை விட்டது. கப்பு ஜீப்பு ஏறிக் கீழே போனது. ஜீப்பில் கால் வைக்கப்போன பிரபாகரன் திரும்பி வந்து, "அடுத்த மாசம் சிலமலையில ஆட்டம் இருக்கு. நீங்கதான் ஊதணும், சங்கத்துல நா பேசுறேன்," என்றான். எத்தனை வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது! அவளுக்குச் சந்தோசமே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மெட்டு ஜனம் அவளைக் கண்டதும் விலகி விலகிப் போனது.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. மாரீஸ்வரன் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டானாம். அம்மா வெந்நீர்ச் சட்டியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். சூர்யகலா உட்கார்ந்தாள், எழுந்தாள், வாசலுக்குப் போனாள், வந்தாள். ஏசினாலாவது தேவலை என்றிருந்தது.

"அம்மா, ஏதாச்சும் சொல்லேன்."

"அந்த அட்டையக் கொண்டா," என்றாள் ராமுத்தாய்.

வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விரலால் சுண்டினாள். "இதை யாருக்கு வேணா காட்டலாமா?"

"ஆடுறவங்களுக்குத்தாம்மா. வேடிக்கை பாக்குறவங்களுக்குக் கிடையாது."

"அப்பச் சுடலைக்குக் காட்ட முடியாது."

"முடியாது."

ராமுத்தாய் காலை வெந்நீரிலிருந்து எடுத்துச் சட்டி விளிம்பில் வைத்தாள். "உங்கப்பன் ஏசாத ஏச்சா? இருந்த மட்டும் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. கங்காணி ஏசுறான், கடைக்காரன் ஏசுறான், ஜீப்புல ஏறுனா டிரைவரு ஏசுறான். ஒருத்தன் என்னைய ஏசுனதுக்கு இன்னொருத்தர் 'வெளிய போடா'ன்னு சொன்னது இன்னைக்குத்தாண்டி." அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "அது எம் மவனாப் போச்சே! நா அதுக்குச் சந்தோசப்படுறதா, அழுகுறதா, நீயே சொல்லு."

சூர்யகலா கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காலைத் துணியால் துடைத்துவிட்டாள். அட்டையைத் திருப்பி வாங்க மறந்துபோனாள்.

மறுநாள் காலை போடி பஸ்சுக்காக ரோட்டோரம் நின்றிருந்தாள். கொஞ்சம் தள்ளி எஸ்டேட் ஜீப்பு வேலையாட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் ஏறி நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மாரீஸ்வரன், கண் சிவந்து, தூங்காத முகத்தோடு. அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ராமுத்தாய் வழக்கம்போலக் கடைசியாக, விந்தி விந்தி வந்தாள்.

முன்சீட்டிலிருந்து சுடலை தலையை நீட்டினான். "ஏய் நொண்டிக் கழுதை! கோலைத் தடுக்க மட்டும் கால் வெரசா வருது, சோலிக்குப் போக வராதோ? ஏறித் தொலை!"

ராமுத்தாய் ஏறவில்லை. முன்சீட்டுக் கதவருகே போய் நின்றாள். இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். வெற்றிலை பாக்குக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து, கையை உயர்த்தி, சுடலையின் மூக்குக்கு நேரே பிடித்தாள். சிவப்பாக இருந்தது. கையை இறக்கவில்லை.

விதிப்படி செல்லாதும்மா என்று சூர்யகலாவுக்குக் கத்தத் தோன்றியது. கத்தவில்லை.

"என்னடி இது கூத்து?" என்றான் சுடலை. சிரிக்கப் பார்த்தான். ஜீப்புக்குள் யாரும் சிரிக்கவில்லை. "டிரைவரு, வண்டிய எடுய்யா," என்றான். டிரைவர் சாவியைத் தொடாமல் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் தொங்கிய மாரீஸ்வரன் கீழே குதித்தான். அம்மாவைப் பார்க்காமல், அக்காவையும் பார்க்காமல், நேராக முன்பக்கம் வந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"எறங்குங்கண்ணே," என்றான். "நேத்து நா போனேன்ல."